கல் வராத இடத்துக்கு ஒரு கட்டை

அத்தை வேலை முடிந்து வந்ததும் உடனே கால்களைக் கழுவமாட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முழங்கால்வரை கல்மாவு ஒட்டிச் சாம்பல் நிறமாக இருக்கும்.

"யாரோ கழற்றிப் போட்டுட்டுப் போன காலு மாதிரி இருக்கு" என்பாள்.

"அதோட உள்ள வராத. இப்பத்தான் துடைச்சேன்" என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள்.

"சரி அண்ணி. கால வெளிய வெச்சுட்டு நான் மட்டும் வரேன்."

தினமும் இதே பேச்சுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வருவதில்லை, ஆனால் ஒரு நாள் விட்டுப்போனால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். போன மாதம் ஒரு வாரம் முழுக்க அது விட்டுப்போனது. அந்த வாரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அத்தை யார் என்று தெரியாமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் ஒரு கம்பெனியின் கல் கிடங்கில் வேலை. அணை கட்டுகிறவர்களுக்கும் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்காக உள்ளே வெற்றாக இருக்கும் ஒரு குழாயைச் சுழற்றிச் சுழற்றி ஆழத்துக்கு இறக்குவார்கள். அதற்குள் கல் உருளையாக, தடித்த மெழுகுவத்தி மாதிரி ஏறி வரும். அந்தத் துண்டுகளெல்லாம் கிடங்குக்கு வரும். அத்தை அவற்றைக் கழுவி, நீளநீளமாகத் தடுப்பு வைத்த பெட்டியில் ஒரு பக்கத்தை வாசிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக, மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு அடுக்குவாள். ஓரத்தில் ஆழத்தை எழுதுவாள். கேட்க ஒன்றுமில்லாத வேலை மாதிரித்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே செய்ய வேண்டும், தண்ணீரில் கை ஊறி விரல் நுனி எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

சில ஆழங்களில் கல் வராது. பொடிந்து தண்ணீரோடு போய்விடும், அல்லது அங்கே வெறும் பொந்தாக இருக்கும். அந்த இடத்தில், வராமல் போன அதே நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் 'கல் வரவில்லை' என்று எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறதே என்று, கட்டைகளை எடுத்துவிட்டு மேலேயும் கீழேயும் இருந்த கல்லை நெருக்கி, அழகாக அடுக்கி வைத்துவிட்டாள். மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை.

"இந்தப் பெட்டிய நம்பி ஒருத்தன் அணை கட்டுவான். அந்த அணைக்குக் கீழ ஊர் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அழுதுகொண்டே எல்லாப் பெட்டியையும் திரும்ப அடுக்கினாளாம். அதற்குப் பிறகு அவள் இடுப்புத் துணியில் எப்போதும் இரண்டு மூன்று கட்டைகள் செருகியிருக்கும். கிடங்கில் அவள் பேர் கட்டையக்கா. ஆளும் கொஞ்சம் குள்ளம் என்பதால் பேர் நிலைத்துவிட்டது.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அவள் பேர் வேறு. அங்கே தலை நரைத்த பிறகும் அவள் பாப்பாதான். அந்தச் சபையில்தான் பிறந்து வளர்ந்தாள், அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுபிள்ளைகளுக்கு வேத வகுப்பு நடத்துகிறாள். வேறு எதைக் கேட்டாலும் "அலுப்பா இருக்கு, போடி" என்கிறவள், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் மறுநாள் வகுப்புக்காகப் படம் வரைவாள், பஞ்சை ஒட்டி ஆட்டுக்குட்டி செய்வாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கிடங்கு வயிற்றுக்கு. நாங்கள் அவளுடைய அண்ணன் குடும்பம். வகுப்பு மட்டும்தான் அவளுடையது.

அந்த வகுப்பறைச் சுவரின் நீளத்துக்கு ஒரு தாள்பட்டை ஒட்டியிருக்கிறது. அத்தை பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் செய்தது. வேதத்தில் ஆதாம் முதல் வரிசையாக, இன்னாருக்கு இத்தனை வயதில் இன்னார் பிறந்தார் என்று எழுதியிருக்கிறதல்லவா, அந்த வயதுகளையெல்லாம் கூட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் போட்டு, இடது ஓரத்தில் உலகம் உண்டான ஆறு நாட்களையும் ஒரே படமாக வரைந்து, வலது ஓரத்தில் நம் காலத்தில் முடித்திருந்தாள். மொத்தம் ஏறக்குறைய ஆறாயிரம் வருஷம். அதற்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தவர் மருந்துக்கடை ஐயா. அப்போது அவர் இளைஞர், இப்போது சபைக் கமிட்டியின் தலைவர். "கூட்டல்ல ஒரு பிசகு இல்லையே!" என்று எல்லாருக்கும் முன்னால் பாராட்டினாராம். அத்தைக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அதுதான்.

பிறகு கிடங்குக்கு ஒரு துளையின் கற்கள் வந்தன. சாம்பல் நிறம். மூடி வைத்த புத்தகத்தின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரி மெல்லிய கோடு கோடாக இருந்தது. வெளுத்த கோடு, கறுத்த கோடு, மறுபடி வெளுத்தது. அப்போதிருந்த கல் ஆய்வாளர் சொன்னார், ஏரியின் அடியில் படிந்த சேறு அது, மழைக்காலத்துக்கு ஒரு கோடு, வெயில் காலத்துக்கு ஒரு கோடு, இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம் என்று. அத்தை கழுவும்போதே நகத்தை வைத்து எண்ண ஆரம்பித்தாள். பல நாள் எண்ணினாள். அவள் சுவரில் ஒட்டியிருந்த மொத்த வருஷமும் ஒரு பெட்டிக்குள்ளேயே முடிந்துபோனது. அந்தத் துளையின் பெட்டிகள் கூரைவரைக்கும் அடுக்கியிருந்தன.

இதை எனக்குச் சொன்னது அம்மா. அத்தை அப்போது சில வாரம் கோயிலுக்குப் போகவில்லையாம். கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றாளாம்.

"ஜெபம் பண்றத விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க விட்டா! முன்னாடியாவது மனசுக்குள்ள பண்ணுவா. அப்ப சத்தமா பண்ணினா, பக்கத்து வீட்டுக்காரங்களோட சண்டை போடுற மாதிரி. எனக்கே பயமா இருந்துச்சு, கடவுள் பதில் சொல்லிடப் போறாரேன்னு."

பிறகு ஒரு ஞாயிறு அவளாகவே புறப்பட்டாள். "காய்ச்சல் போயிடுச்சா?" என்று அம்மா கேட்டதற்கு, "இல்ல அண்ணி, பழகிடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வகுப்பு நடத்தினாள். அதற்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். காணாமல் போன ஆடு, புயலில் படகு, மன்னிக்கிற அப்பா, இப்படிப் பாடம் நடத்த ஏராளம் இருந்தது.

இரண்டு மாதம் முன்பு வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து கேட்டாள். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது.

"அக்கா, சூரியன் நாலாம் நாள்தானே வந்துச்சு? அப்ப முதல் மூணு நாளும் ஒரு நாள் முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

அத்தை உட்காரச் சொல்லவில்லை. "எனக்கும் அது தெரியாதும்மா" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். ஆறு நாள் படத்துக்கும் ஆதாமின் கட்டத்துக்கும் நடுவில் தன் பட்டையைத் தானே வெட்டினாள். படத்தை உரித்து, மூலைப்பக்கம் தள்ளி நன்றாகப் பசை தடவி ஒட்டினாள். நடுவில் விழுந்த இடைவெளியில் கிடங்கிலிருந்து கொண்டுபோன ஒரு கட்டையை ஆணி அடித்து நிறுத்தினாள். அதன்மேல் இப்படி எழுதினாள்: 'இங்கே காலம் உண்டு. அளவு எழுதப்படவில்லை.'

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு அத்தை?" என்று பிறகு கேட்டேன்.

"முதுகு வலிக்குதுடி. எத்தனை நாளைக்குத்தான் அதை மறைச்சுக்கிட்டே நிக்கிறது?"

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் மருந்துக்கடையில் போய்ச் சொன்னார்கள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஐயா கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை அப்போதுதான் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவர் உள்ளே வராமல் அவள் எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் கதவில் சாய்ந்து நின்றாள்.

"பாப்பா, நீ பண்ணினது உனக்கே நல்லா இருக்கா?"

"கட்டை கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு ஐயா."

"விளையாடாதம்மா. உன் பட்டைக்குப் பரிசு குடுத்தவன் நான். அதை நீயே வெட்டிட்டியே."

"கூட்டல்ல இப்பவும் பிசகு இல்ல. அந்தக் கூட்டல் உலகத்தோட வயசுன்னு நெனச்சதுதான் பிசகு. ஆதாமுக்கு அப்புறம் வயசு எழுதியிருக்கு, கூட்டினேன். முன்னாடி எழுதல. எழுதாத இடத்தையும் சேர்த்து நெருக்கி அடுக்கிட்டேன்."

"நாள்னு எழுதியிருக்கே. நாள்னா நாள்தானே?"

"சூரியன் இல்லாத நாள் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, எழுதிடறேன்."

ஐயா தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சத்தமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் குரல் இறங்கிப்போனது.

"என் பையன் இப்படித்தான் ஆரம்பிச்சான் பாப்பா. மேல்படிப்புக்குப் போனான். முதல் லீவுக்கு வந்தப்ப வேதத்தோட முதல் அதிகாரம் கதைன்னான். அடுத்த லீவுல வெள்ளம் கதைன்னான். அப்புறம் ஆண்டவர் எழுந்து வந்த கல்லறையும் கதைன்னான். கடைசியில அவங்க அம்மா செத்த அன்னிக்குக் கூட ஜெபத்துக்கு வெளியதான் நின்னான். முதல் பக்கத்தக் கிழிச்சா நூல் பிரிஞ்சு எல்லாப் பக்கமும் விழும்மா. நான் பார்த்துட்டேன்."

அத்தை காலில் ஒட்டியிருந்த கல்மாவைச் சுரண்டினாள்.

கமிட்டி முடிவு செய்திருந்ததை ஐயா பிறகு சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டையை எடுத்துவிட வேண்டும். உலகத்துக்கு வயது ஆறாயிரம் என்று பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் எப்போதும் போல வகுப்பு நடக்கும். இல்லையென்றால் வகுப்பை வேறொருவர் எடுப்பார்.

"ஒரு வாக்கியம்தானே பாப்பா" என்று எழுந்துகொண்டார்.

அவர் போனதும் அம்மா பொரிந்தாள். "இவரு கடையில காலாவதியான மருந்து இருக்கான்னு பார்க்கச் சொல்லு முதல்ல. உலகத்துக்குத் தேதி பார்க்க வந்துட்டாரு!"

அத்தை சிரிக்கவில்லை. அன்றைக்குக் கால் கழுவாமலே உள்ளே வந்துவிட்டாள். அம்மாவும் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே கோபம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருக்கிறவள் நான். கையில் நேரம் இருந்தது, யாரோடாவது மோத வேண்டும் போலிருந்தது. அத்தை எழுந்து நின்று எல்லாரையும் வாயடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அந்தக் கோடு போட்ட கல்ல ஒண்ணு தூக்கிட்டு வந்து கமிட்டி மேசையில வெச்சு எண்ணச் சொல்லு அத்தை" என்றேன்.

"எண்ணினா என்ன ஆகும்? அவருக்கு அவர் பையன் இன்னொரு தடவ போவான். அலுப்பா இருக்குடி. என்ன விடு."

புதன்கிழமை அவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதால் கிடங்குக்குப் போனேன். தகரக் கூரை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரே ஒரு ஜன்னல். அத்தை குனிந்து ஒரு பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போதிருக்கும் ஆய்வாளர் சின்ன வயது, யாரோ சொல்லி விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"கட்டையக்கா, இன்னுமா அந்தக் கும்பலோட மல்லுக்கட்றீங்க? எல்லாத்தையும் தலைமுழுகிட்டு ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்குங்க. தினமும் கல்லக் கழுவுற உங்களுக்கே புரியலன்னா வேற யாருக்குப் புரியும்?"

அத்தை நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது.

"சார், இந்தக் கல்லு எத்தனை பழசுன்னு நீங்க சொன்னீங்க, நான் நம்பறேன். இதை யாரும் உண்டாக்கலன்னு கல்லுல எந்த ஆழத்துல எழுதியிருக்கு? காட்டுங்க, அங்கயும் ஆழம் போட்டுடறேன்."

"அதெல்லாம் கல்லுல எப்படிக்கா இருக்கும்?"

"அப்ப அங்கயும் கட்டைதான். நெருக்கி அடுக்காதீங்க."

ஆய்வாளர் சிரித்துவிட்டு, கேலி பண்ணினதற்கு மன்னிப்பு மாதிரி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் இந்த விஷயத்தை என்னிடம் முதல் தடவையாகத் தானாகப் பேசினாள்.

"சொல்லிடலாம்னு இருக்குடி."

"எதை?"

"ஆறாயிரம்னு. ஒரு வாக்கியம்தான? சொல்லிட்டா பிள்ளைங்க இருக்கும். பஞ்சு வாங்கி வெச்சிருக்கேன், அடுத்த பாடத்துக்கு. அங்க ஒருத்தர் இங்க ஒருத்தர்னு ரெண்டு பக்கமும் என்னப் பிடிச்சு இழுக்குறாங்க. எனக்கு ரெண்டும் வேணும்னு சொன்னா ரெண்டு பேருக்கும் கோபம் வருது."

"உனக்கே சந்தேகம் இல்லையா அத்தை? ரெண்டுல எதாவது ஒண்ணுதான உண்மையா இருக்கணும்?"

"சந்தேகம் இல்லாம என்ன? நகத்தால எண்ணி முடிச்சுட்டு, நம்பாம மறுபடி முதல்லேருந்து எண்ணினேன். அவ்வளவு காலமும் யாரும் பார்க்காம அந்தச் சேறு ஒழுங்கா, ஒரு கோடு மேல ஒரு கோடா படிஞ்சிருக்கு. அவசரமே இல்லாம பண்ணியிருக்காரு. ஆறு நாள்ல முடிச்சிருந்தாலும் கும்பிட்டிருப்பேன். இவ்வளவு பொறுமையா பண்ணினவர எப்படிக் கும்பிடாம இருக்கறது? அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "எறங்கற இடம் வந்தா சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நின்றுகொண்டே தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வகுப்பறையில் பிள்ளைகள் சின்ன பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடை ஐயா கதவோரம் கைகட்டி நின்றார். அத்தை வழக்கம்போலப் பட்டைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றாள். சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

ஒரு தடவை வாயைத் திறந்து மூடினாள். பிறகு பட்டையைவிட்டு விலகி ஓரமாக நின்றாள்.

"இது நான் உங்க வயசுல பண்ணினது" என்றாள். "உலகத்துக்கு ஆறாயிரம் வயசுன்னு ஐயா நம்பறாங்க. அவங்க பொய் சொல்றவங்க இல்ல. நான் கல்லு கழுவுற வேலை பார்க்கறேன். கல்லு ரொம்ப ரொம்பப் பழசு. அதை நான் கையில தொட்டிருக்கேன். அதனால ஆறாயிரம்னு என்னால சொல்ல முடியல. ஆனா இதையெல்லாம் உண்டாக்கினது யாருன்னு ஐயாவுக்கும் எனக்கும் சண்டையே இல்ல. இனிமே ஐயா பாடம் நடத்துவாங்க. சத்தம் போடாம கேளுங்க."

சுண்ணக்கட்டியை ஐயா கையில் கொடுத்தாள். பஞ்சு இருந்த பையை மேசையில் வைத்தாள். வெளியே வந்து, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். வகுப்பு நேரத்தில் அவளை அங்கே யாரும் பார்த்ததில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள்.

நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் வாயடைத்துப் போகவில்லை. இரண்டு பேர் இவளுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று பேசிக்கொண்டார்கள். வகுப்பு போய்விட்டது, அவ்வளவுதான். அதற்கடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அத்தை சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா வேண்டுமென்றே ஒரு கூடைத் துணியைக் கொண்டுவந்து, "மடிச்சுக் குடு, ராணி மாதிரி உக்காந்திருக்காத" என்று அவள் முன்னால் கொட்டினாள்.

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து நான் வகுப்பறையை எட்டிப் பார்த்தேன். கட்டை இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. ஆனால் கோணலாகத் தொங்கியது. பக்கத்தில் ஆறு நாள் படத்தின் ஓரம் கிழிந்திருந்தது. ஐயா உள்ளே தனியாக நின்றிருந்தார், கையில் பசை. என்னைப் பார்த்ததும் தப்புப் பண்ணின பையன் மாதிரி ஆகிவிட்டார்.

"கட்டைய எடுத்துட்டுப் படத்த ஆதாம் பக்கத்துல ஒட்டிடலாம்னு பார்த்தேன். உன் அத்தை என்ன பசை போட்டாளோ! உரிச்சா வெளிச்சம் கிழியுது" என்றார். படத்தில் முதல் நாள் வெளிச்சம் இருக்கிற மூலையைத்தான் சொன்னார். "அதான் திரும்ப அடிச்சு வெச்சுட்டேன். சும்மா விட்டா அந்த இடம் ஓட்டையாத் தெரியுது." பசை டப்பாவை மூடிக்கொண்டே, "அந்தச் சின்னப் பொண்ணு என்கிட்டயும் அதையே கேட்டுடுச்சு" என்றார். அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை.

வெளியே அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆணி எங்க அடிச்சிருக்காரு? நடுவிலயா ஓரத்திலயா?"

"ஓரத்துல."

"பிள்ளைங்க தலையில விழுந்து வெக்கப் போகுது" என்றாள். கொஞ்ச நேரம் பேருந்து வரும் பக்கம் பார்த்தாள். பேருந்து வருவது தெரிந்தது. அவள் பெருமூச்சு விட்டு, போட்ட செருப்பை மறுபடி கழற்றினாள்.

வகுப்பறையில் அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். ஐயா பெஞ்சு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் ஆணியைப் பிடுங்கி, கட்டையின் நடுவில் வைத்து அடித்தாள். வகுப்பைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

"நேரா இருக்கா ஐயா?"

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கு பாப்பா."

தூக்கினாள்.